மணிக்கூண்டின் பின்புறம்

ஓவியக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். ஆளும் அதே ஒல்லி. பென்சில் என்றே நிலைத்துவிட்டது. அப்பா லாரி ஓட்டுகிறவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எதையும் மறந்து தொலைக்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பில் தன்னை ஊமை என்று கேலி செய்தவளிடம் பள்ளி முடியும்வரை ஒரு வார்த்தை பேசாமலே இருந்து காட்டியவள்.

அப்படிப்பட்டவளின் படத்தைத்தான் அறைத்தோழி திருடினாள்.

விடுமுறையில், பக்கத்து நகரத்தில் சித்தி வைத்திருக்கும் தையல் கடையில் நான்கு நாள் உட்கார்ந்து பென்சில் வரைந்த மணிக்கூண்டு அது. நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டுப் போட்டிக்குக் கொடுத்துவிட்டாள் தோழி. முதல் பரிசு. படத்துக்குச் சட்டம் போட்டு நூலக வாசலில் மாட்டினார்கள்.

பென்சில் கேட்டதற்கு, "மணிக்கூண்டு என்ன உன் வீட்டுச் சொத்தா? நானும்தான் போய் உக்காந்து வரைஞ்சேன்" என்றாள் கூசாமல். வார்டனிடம் போனால் பொறாமை கூடாது என்று புத்திமதி கிடைத்தது. பென்சில் வாயை மூடிக்கொண்டாள். வாயை மட்டும்தான்.

அன்றிலிருந்து தோழியிடம் அவள் காட்டிய பிரியத்தைப் பார்த்து விடுதியே அசந்துபோனது. தலை பின்னிவிட்டாள், துணி மடித்து வைத்தாள். ஒன்றரை மாதம் கழித்து, வகுப்போடு ஒரு நாள் நகரத்துக்குப் போய்வரலாம் என்று டிராயிங் சார் சொன்னார். காலையில் கடைவீதி, பிறகு ஊர் சுற்றல். எதைப் பார்க்கலாம் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பென்சில் எழுந்து மணிக்கூண்டு என்றாள். தோழியின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பென்சில் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

கடைவீதியில் தோழியின் பை முழுக்க இவள்தான் சுமந்தாள். செருப்புக் கடையில் தோழிக்கு ஒரு சிவப்பு ஜோடி பிடித்துப்போனது, கொஞ்சம் இறுக்கம். "போடப் போட சரியாயிடும்டி, உன் காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று அதையே வாங்க வைத்து, அங்கேயே போட்டுக்கொள்ளவும் வைத்தாள். பழைய செருப்பைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். மணிக்கூண்டுக்கு நடந்தே போகலாம், கிட்டத்தான் என்று சாரிடம் சொன்னதும் இவள்தான். அரை மணி நேரம் நடந்தார்கள். தோழி நொண்டத் தொடங்கியிருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கப் பென்சிலுக்கு நடை கூடியது.

மணிக்கூண்டுக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி கடிகாரம். முன்பக்கம் அகலமான படிக்கட்டு. பென்சில் சாரிடம் போய்ப் பணிவாகக் கேட்டாள்: "பரிசுப் படம் எந்த இடத்துல உக்காந்து வரைஞ்சதுன்னு காட்டச் சொல்லுங்க சார். எங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்."

தோழி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, படிக்கட்டைக் கை காட்டினாள். சார் அங்கே போய் உட்கார்ந்தார். கைப்பேசியில் இருந்த படத்தையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கேருந்து மேல்கூரையே தெரியலயேம்மா. படத்துல கூரைமேல ஒரு ஏணி சாஞ்சு நிக்குதே. அது எங்க?"

"அது... சும்மா கற்பனையா போட்டது சார்."

"ஏணி இருக்கு சார்" என்றாள் பென்சில். "வாங்க, காட்டுறேன்."

பின்தெருவில் மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. இருபது பேரும் அவள் பின்னால் ஏறினார்கள். தோழி கடைசியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மெஷினிலிருந்து தலை தூக்கிய சித்தி, இத்தனை பேரைப் பார்த்தும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "இன்னும் வரைஞ்சு முடியலயா உனக்கு? ஸ்டூல் அங்கேயேதான் கெடக்கு" என்று ஜன்னலைக் காட்டினாள்.

சார் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே கோபுரத்தின் கூரை, ஒட்டுப்போட்ட தகரம், அதன்மேல் மூன்று படி உடைந்த ஏணி. படத்திலும் மூன்று படிதான் இல்லை. அவர் திரும்பியபோது தோழியைப் பார்க்காமல் பென்சிலிடம் என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"அவ கையாலயே அவ பேரை அழிக்கணும் சார். அவ கையாலயே என் பேரை எழுதணும். எல்லாரும் பாக்கணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தோழியின் பக்கத்து இருக்கை காலி. பென்சில் வலியப் போய் அங்கே உட்கார்ந்தாள். தோழி அழுது முடித்திருந்தாள். "உன்கிட்ட அறுபது படம் இருக்கு. என்கிட்ட காட்டுற மாதிரி ஒண்ணுகூட இல்ல. வீட்டுல கேட்டுட்டே இருந்தாங்க" என்றாள். பென்சிலுக்கு அது புரியாமல் இல்லை. அவள் வீட்டிலும் கேட்கிறவர்கள்தான். ஆனாலும் மனம் இம்மியும் இளகவில்லை.

"போதுமா இப்ப?" என்றாள் தோழி.

"திங்கக்கிழமை சொல்றேன்."

திங்கட்கிழமை நூலக வாசலில் கல்லூரியே கூடி நின்றது. சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். தோழி அழித்தாள், எழுதினாள். எழுத்து கோணிப்போயிற்று. வேறு யாரையாவது வைத்துத் திருத்தி எழுதலாமே என்று நூலகர் சொன்னதற்குப் பென்சில் ஒத்துக்கொள்ளவில்லை. கோணலாகவே இருக்கட்டும் என்றாள். அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

வார்டன் வந்து, வேண்டுமானால் வேறு அறை தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள். தினமும் காலையில் கண் விழித்ததும் தோழி தன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பதினாறு நாள் தாக்குப்பிடித்தாள் தோழி. பதினேழாம் நாள் அவளாகவே எழுதிக் கொடுத்து வேறு அறைக்கு மாறினாள். அவள் பெட்டியைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு இறங்கும் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. பென்சில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.