ரங்கூன் செடிக்கு வார்த்த தண்ணீர்

ஊறிய தேங்காய் மட்டையின் புளித்த வாடை காரைக்குடியில் எங்கள் வீட்டு உள்முற்றத்தில், நாங்கள் 'வளவு' என்று சொல்லும் பகுதியில், பல மாதங்கள் நிலைத்திருந்தது. ரங்கூனிலிருந்து வந்த அப்பச்சி, மண்ணே வேண்டாத பூச்செடி ஒன்றை அந்த மட்டையில் வைத்துக் கட்டி, தூணோரம் தொங்கவிட்டு, மறுபடி கப்பலேறும்போது என் ஆச்சியிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். எங்கள் வழக்கில் அப்பச்சி என்பது தகப்பனார், ஆச்சி என்பது அக்காள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது. "பங்குனியில வருவேன், பூவோட காட்டணும்" என்று அப்பச்சி சொன்னதை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசி மழை பொய்த்தது. மார்கழியில் இலைகள் பழுத்து உதிரத் தொடங்க, ஆச்சி பதறித் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி வார்த்தாள். தையில் சாம்பல் நிறக் குச்சிகளே எஞ்சின. கடல் கடந்து போனவரின் வீட்டில் பட்ட செடி தொங்கலாகாது என்று எங்கள் தாயார் அதை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். "ஊருணியில சேத்தத்தான் அள்ளிட்டு வாராக. காஞ்ச குச்சிக்கு முழுக்காட்டு ஒண்ணுதான் கொறச்சல்!" என்பது அவர் தீர்ப்பு.

பெரியவளாகிவிட்ட ஆச்சி கொட்டகைப் பக்கம் போகக் கூடாது. ஆகவே தன் பங்குக் குடிநீரில் ஒரு செம்பு மிச்சம் பிடித்து, பிற்பகல்தோறும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் வார்த்தேன். மூன்றாம் நாள் வெயிலில், கொட்டகை மறைவில் நின்று நானே குடித்துவிட்டேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

"ஊத்துனியாடா?"

"ஊத்திட்டேன் ஆச்சி."

உலர்ந்த உதட்டோடு தலையசைப்பாள். செடியைக் கொன்றவன் நானே என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. அப்பச்சி வரும் நாளை நினைத்து நடுங்கினேன்.

மாசிக் கடைசியில் அந்தக் குச்சிகளின் கணுக்களில் சிறு முடிச்சுகள் தெரிந்தன. பூச்சி என்றெண்ணிக் கிள்ளப் போனவன், உள்ளே ஊதா நிறம் கண்டு, செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆச்சி மட்டையை மறுபடி வளவில் மாட்டினாள். அப்பச்சி வந்தபோது, இலையே இல்லாத குச்சிகள் நுனிவரை பூத்துத் தொங்கின.

"மழை நின்னா அங்குட்டு இது மொட்டையாத்தான் நிக்கும், சொல்லாமப் போயிட்டேன். நல்லவேளை, தண்ணி ஊத்தாம விட்டீக. ஊத்தியிருந்தா அழுகியிருக்கும்" என்று சிரித்தார்கள். ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அறுபது ஆண்டுகள் திறக்கவில்லை.

இன்று அந்த வீடு பங்காளிகளின் பூட்டுகளோடு கிடக்கிறது. கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. செடி எந்த ஆண்டில் போயிற்று என்று சொல்லவும் ஆளில்லை. சென்ற தையில் ஆச்சியும் போய்விட்டாள். அதற்குச் சில நாள் முன்பு, அவள் படுக்கையருகே அமர்ந்து, அந்தத் தண்ணீரைக் குடித்தவன் நான் என்று சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்டா, களவாணி. மட்டைய எடுத்து மாட்டுனவ நாந்தானே, பொட்டு ஈரமில்ல. அப்பச்சி வரட்டும், காட்டிக் குடுக்கணும்னுதான் இருந்தேன். வந்தவுக, ஊத்தாததுக்குல்ல மெச்சிட்டாக!"

அவளை எரியூட்டித் திரும்பிய மாலையில், அழுகைக்கு முன்பாக எனக்கு வந்தது ஒரு நிம்மதி. அவளிடம் மறைத்தது எதுவும் என்னிடம் மிச்சமில்லை.