பாப்பாரப்பட்டியிலிருந்து தம்பியின் உச்சிக்குழி வரை

இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், காதால் கேட்டதைக் கேட்டேன் என்றும், புரியாததைப் புரியவில்லை என்றும் எழுதுவேன். கோடை விடுமுறையில் போய்வந்த இடத்தைப் பற்றி நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார் தமிழ் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் ஒகேனக்கல்லை எழுதுகிறார்கள். நான் போனது தருமபுரிக்கு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு. ஆனால் அங்கே நான் பார்த்தது அருவியில் குளித்தவர்கள் யாரும் பார்க்காதது. ஒரு குழந்தையின் மண்டைக்குள் இருப்பதை, கத்தியும் ஊசியும் இல்லாமல், அவன் தூங்கும்போதே பார்த்தேன். அந்தக் குழந்தை என் தம்பி அந்தோணி. 1988 மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை போனோம்.

தம்பிக்கு ஏழு மாதம். மார்ச்சில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் தலையிலும் ஊசி ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் அம்மாவின் கை தானாக அவனை மூடிக்கொள்ளும். காய்ச்சல் விட்டது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவன் தலை பெருக்க ஆரம்பித்தது. உச்சிக்குழி, அதாவது எலும்பு மூடாமல் மெத்தென்று இருக்கும் இடம், மற்றக் குழந்தைகளுக்கு இருப்பதுபோல் சமமாக இல்லாமல் மேலே எழும்பி நின்றது. மூளைக்குள் நீர் தேங்குகிறது என்றார்கள். அது கூடிக்கொண்டே போனால் பெங்களூர் கொண்டுபோய் மண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டுமாம். தானாக நின்றுவிட்டால் ஒன்றும் வேண்டாமாம்.

நிற்கிறதா, கூடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் ஒரு ஜீப் வருகிறது. மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் ஒரு பெண் டாக்டர் பெங்களூரிலிருந்து ஸ்கேன் மெஷினோடு வந்து, தருமபுரியில் கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரியில் மதியம்வரை இருந்து, பிறகு கிருஷ்ணகிரிக்குப் போய்விடுவார். தம்பிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருந்தார்கள். முதல் தடவை நீர் நிற்கும் இடத்தின் அகலம் பதினொரு மில்லிமீட்டர். இரண்டாம் தடவை பதினாலு. மூன்றாம் தடவையும் கூடியிருந்தால் பெங்களூர்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த மூன்றாம் தடவையைத்தான் எழுதுகிறேன்.

காலை ஆறே காலுக்குப் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறினோம். தருமபுரிக்குப் பதினேழு கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு ரூபாய், கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு. நடுவில் நான். அப்பா நின்றுகொண்டு வந்தார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் மூட்டை எடை போடுகிறார். அன்றைக்கு லீவு சொல்லியிருந்தார்.

தம்பி தலையில் கம்பளிக் குல்லா. அப்பாதான் விடியற்காலையில் போட்டுத் தாடையில் நாடா கட்டியிருந்தார். மே மாத வெயிலில் கம்பளிக் குல்லாவா என்று எனக்கும் தோன்றியது. கண்டக்டர் கேட்டே விட்டார்.

“ஏம்மா, புள்ளைய ஊட்டிக்கா கூட்டினு போறீங்க?”

அம்மா சிரித்தார். அப்பா மட்டும், காற்றுப் படக்கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே வயலைப் பார்த்தார். வழியெல்லாம் மாமரங்கள் காய்த்துத் தொங்கின. ஏழு மணி ஆவதற்குள் இறங்கிவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தால் இருபது நிமிடம். குதிரை வண்டிக்கு மூன்று ரூபாய் கேட்கிறார்கள். குழந்தையின் தலை குலுங்கும் என்று நாங்கள் நடந்தோம். சீட்டு வாங்கினால் நாலாவது நம்பர். எங்களுக்கு முன்னால் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அங்கே செருப்புக் கடை வைத்திருக்கும் ஒரு பாய், அவர் மனைவி, மனைவியின் தங்கை, வயிறு வீங்கிய மூன்று வயதுப் பெண் குழந்தை. அவர்கள் பாலுக்காக வெளியே போயிருந்தபோது எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் அவர்களுக்கு முன்பே நாங்கள் உள்ளே போனோம்.

மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். சின்ன டிவி மாதிரி ஒரு பெட்டி. அதிலிருந்து கருப்பு ஒயர் ஒன்று, அதன் நுனியில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கைப்பிடி. அதை உடம்பில் வைத்தால் நம் காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்று உள்ளே போய், பட்டுத் திரும்பி வருகிறதாம். திரும்பி வந்ததைப் பெட்டி படமாகப் போடுகிறது. எங்கள் கொல்லைக் கிணற்றில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால், தண்ணீர் மேலே இருக்கும்போது ஒரு மாதிரியும் வற்றிக் கிடக்கும்போது வேறு மாதிரியும் குரல் திரும்பும். அதுபோலத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எலும்பைத் தாண்டி இந்தச் சத்தம் சரியாகப் போகாது. அதனால் குழந்தைகளுக்கு உச்சிக்குழிதான் ஜன்னல்.

அறைக்குள் குழந்தையோடு இரண்டு பேர்தான் போகலாம். அம்மா மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் பாடினால்தான் தம்பி அசையாமல் இருப்பான் என்பதால் அப்பாவுக்குப் பதில் நான். அப்பா வாசற்படியில் நின்றார்.

டாக்டர் குல்லாவின் நாடாவை அவிழ்த்தார். உச்சிக்குழியின்மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சாணி வறட்டி மாதிரி வெடிப்பு விட்டிருந்தது.

அம்மா வாசற்படியைப் பார்த்தார்.

“நாந்தாங்க வெச்சேன்” என்றார் அப்பா.

இந்தப் பகுதியை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். எழுது, இன்னொருத்தன் பண்ணாம இருப்பான் என்றார். அதனால் எழுதுகிறேன். சங்கத்தில் அப்பாவோடு வேலை செய்பவரின் குழந்தைக்குப் போன வருடம் பேதியாகி உச்சி குழி விழுந்ததாம். பச்சிலை அரைத்து விளக்கெண்ணெய் குழைத்துப் பத்துப் போட்டதும் சரியானதாம். தம்பிக்கு உச்சி விழவில்லை, எழும்பியிருந்தது. விழுந்ததை எழுப்புகிற பத்து எழும்பியதையும் சமமாக்கும் என்று அப்பா நம்பினார். இன்னும் கொஞ்சம் கனமாகவே அப்பினார். ஸ்கேனில் அளவு குறைந்து காட்ட வேண்டும் என்பதற்காக, நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே.

டாக்டர் கோபப்படவில்லை. பத்தின்மேலேயே கைப்பிடியை லேசாக வைத்துப் பார்த்தார். திரையில் வெறும் கோடுகள். அம்மா நகத்தால் சுரண்டப் போனார். “பேடா, பேடா” என்று டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். அந்த இடத்தை அழுத்தவே கூடாது, எண்ணெய் விட்டு ஊறவைத்து எடுத்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்கிறேன் என்றார். பன்னிரண்டு மணிக்குள் முடியாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான். நீர் கூடிக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் அதிகம் என்பதையும் சொன்னார்.

பத்து இருந்தால் ஏன் படம் வரவில்லை என்று நான் கேட்டேன். காய்ந்த பத்துக்குள்ளே காற்று இருக்கிறது, இந்தச் சத்தம் காற்றைத் தாண்டாது என்றார். சத்தம் காற்றில்தான் போகும் என்று நம் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. இது எனக்கு இன்னும் புரியவில்லை. பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியரிடம் கேட்பேன்.

வராந்தாவில் உட்கார்ந்தோம். நர்ஸ் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் கொடுத்தார். அப்பாதான் வேலையை எடுத்துக்கொண்டார். பஞ்சை நனைத்து வைப்பார், பொறுத்திருப்பார், ஒரு துணுக்கு இளகினால் விரல் நுனியால் எடுப்பார். நூறு கிலோ மூட்டையைத் தராசில் ஏற்றுகிற கை அது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“எழும்பி நிக்கறத எடை வெச்சு அமுக்கப் பாத்தீங்களாக்கும். கடலக்கா மூட்டையா அது?”

“அமுங்கும்னுதான் நெனச்சேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல.”

“சொன்னா நீ வேணான்னு சொல்லமாட்ட. நீயும் சேந்து அப்பியிருப்ப” என்றார் அப்பா.

அம்மாவும் ஒரு பஞ்சை எடுத்துக்கொண்டார். தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான். பத்து முழுதும் போனபோது மணி பதினொன்றே முக்கால்.

மறுபடி உள்ளே. விளக்குகளை அணைத்தார்கள். முதல் தடவை இப்படி அணைத்தபோது அப்பா கரண்ட் போய்விட்டது என்று ஆள் கூப்பிட ஓடினார். படம் தெரிவதற்காகத்தான் இருட்டு. டாக்டர் பசை போன்ற ஒன்றைத் தடவிக் கைப்பிடியை மெதுவாக வைத்தார். நான் பாடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தம்பி விழிக்கவே இல்லை.

நிகழ்ச்சி முடிந்த பிறகு டிவியில் புள்ளிகள் கொதிக்குமே, அப்படித்தான் முதலில் இருந்தது. பிறகு புள்ளிகள் ஒதுங்கி உருவம் வந்தது. சாம்பல் நிறமாக இருப்பது மூளை. நடுவில் பறவை இறக்கை விரித்ததுபோல் இரண்டு கருப்பு இடங்கள். கருப்புத்தான் நீர். டாக்டர் கருப்பின் ஒரு ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார், மறு ஓரத்தில் ஒரு புள்ளி. எண் வந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி அளந்தார். என் தம்பியின் தலைக்குள் இருப்பது என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அம்மா திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“பதினாலு” என்றார் டாக்டர். “போன தடவையும் பதினாலு.”

“அப்படின்னா, டாக்டரம்மா?” என்று கேட்டார் அம்மா.

“நின்னிருக்கு. பெங்களூர் இப்ப வேண்டாம்.”

வாசற்படியில் அப்பா குல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

இது குணமானதாக அர்த்தமில்லை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றரை வயதுக்குள் உச்சிக்குழி மூடிவிடும். மூடிவிட்டால் இந்த மெஷினால் உள்ளே பார்க்க முடியாது. அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தம்பிக்கு இப்படி ஒரு ஜன்னல் இருப்பதும், அது தானாகச் சாத்திக்கொள்ளும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

வெளியே வந்தால் பாய் தனியாக நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டபோது இல்லாததால் அவர்கள் முறை கடைசிக்குப் போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள். அவருக்கு அது முதல் தடவை. ஊசி உண்டா, வலிக்குமா, எவ்வளவு நேரம் என்று கேட்டார். நாங்கள் அவரிடம் சொன்னதையே இதைப் படிப்பவர்களுக்கும் எழுதுகிறேன். ஊசி கிடையாது. வலியும் கிடையாது. தலையென்றால் கால் மணி நேரம்தான். கட்டணம் நாற்பது ரூபாய். முடியாதவர்கள் முன்பே சொன்னால் குறைக்கிறார்கள். ஏழரைக்குள் சீட்டு வாங்கிவிட வேண்டும். முந்தின தடவையின் அளவுகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்காமல் வைத்திருந்து, கூப்பிடும்போது கொடுத்தால் தூங்கிவிடும். இது தலைக்குப் பார்க்கும்போது. வயிற்றுக்கு எப்படி என்று நர்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அப்பா சொன்னார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏங்க பாய், வயித்துமேல பத்து ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?”

பாய் தரையைப் பார்த்தார். “நேத்து ராத்திரி போட்டோங்க. காலைல கழுவிட்டோம்.”

“நல்லாக் கழுவினீங்களா?”

“நல்லாத்தான்” என்றார் பாய். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில் கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் சட்டென்று இல்லாமல் போனது. பாய் பதறிக் கதவைத் தள்ளப் போனார். அப்பா அவர் தோளில் கை வைத்தார்.

“ஒண்ணுமில்லீங்க. இப்பத்தான் பாக்கறாங்க.”

நாலு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே விளக்குகளை அணைத்திருந்தார்கள்.