டிராக்டருக்கு முன்னால்

அம்மாவின் மகளிர் குழுவுக்கு வாட்டர்ஷெட் பணம் வந்திருக்கிறது என்று கேட்டபோது, எங்கோ ஒரு ஷெட் போடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த குட்டையைத் தூர்வாரி, கரை கட்டி, மரக்கன்று வைப்பதற்கு அரசின் நீர்வடிப்பகுதித் திட்டம் தந்த சிறு தொகை அது. குட்டையில் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும். ஆனால் அப்பா வேலை பார்த்த பீங்கான் கம்பெனி, உடைந்த கோப்பைகளையும் தலையில்லாத பொம்மைகளையும் வருஷக்கணக்காகக் கொட்டி அதை மேடாக்கியிருந்தது. அம்மாவும் மற்ற பெண்களும் அதைக் கூடை கூடையாக அள்ளினார்கள். பீங்கான் சில்லு கிழிக்காத பாதம் ஒன்றுகூட இல்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, வேலை திருப்தியாக இருந்தால்தான் மீதிப் பணம்.

அவர்கள் வருவதாக இருந்த நாளுக்கு முதல்நாள் காலை, கம்பெனி டிராக்டர் மறுபடியும் கழிவோடு வந்தது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் மேனேஜர். டிரெய்லரில் மண்வெட்டியோடு நின்றிருந்தவர் என் அப்பா.

அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு, வண்டி இறங்கும் வழியில் நட்டநடுவே போய் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"இன்னாம்மா இது? எப்பவும் இங்கதான கொட்டுறோம்? ஏந்திரு" என்றார் மேனேஜர்.

"நீங்க கொட்டுனதத்தான் சார் இவ்ளோ நாளா கையால அள்ளுனோம். கொட்டியே தீரணும்னா எங்க தலமேல கொட்டிட்டுப் போங்க."

மேனேஜர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "யோவ், ஒம் பொண்டாட்டிய வூட்டுக்கு இட்டுனு போ. இல்லன்னா நாளையிலேருந்து கம்பெனிப் பக்கம் வராத."

அப்பா அதிகம் பேசாதவர். மேனேஜர் எதிரில் தலை நிமிர்ந்து நின்றுகூட நான் பார்த்ததில்லை. மெதுவாக இறங்கி வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கப்போகிறார் என்று பயந்து நான் அழத் தொடங்கினேன். அவரோ தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, அம்மாவின் பக்கத்தில் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"அவள மட்டும் ஒக்கார வச்சிட்டு வந்தா நல்லா இருக்காதுங்க" என்றார்.

டிரைவர் மேனேஜரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவராகவே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். அம்மா அவர்களைக் கரை நெடுக நடத்திக் காட்டினாள். மீதிப் பணம் வந்து, மிச்ச வேலையும் முடிந்தது. ஐப்பசி மழையில் குட்டை நிறைந்து, தவளைச் சத்தம் வீடுவரை கேட்டது.

அந்த மழைக்காலம் முழுக்க அப்பா வீட்டிலேயே இருந்தார். கோணல்மாணலாக எனக்குச் சடை பின்னினார், பள்ளிக்கூடம் வரை கூடவே வந்தார். வேறு யாருடைய அப்பாவுக்கும் இவ்வளவு லீவு கிடையாது என்று வகுப்பெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா தோட்டைக் கழற்றிவிட்டு, காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். அதுவும் எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. நானும் காதுக்கொரு குச்சி ஒடித்துச் செருகிக்கொண்டு, அவளைப்போலவே தலையை நிமிர்த்தித் தெருவில் நடந்தேன்.