மூடித் திறந்தால் வைஃபை வராது

இருட்டிய பிறகு பின்னறையில் 'கிர்ர்... டக்' என்று கேட்டால் அது பிரிண்டரா, திருடனா என்று கண்டுபிடிப்பதும் லேப்டாப் ரிப்பேர் தொழிலில் ஒரு பகுதிதான். சரிசெய்த லேப்டாப்பைச் சோதிக்க, பிரிண்டரோடு இணைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் தூங்கி எழும்படி விட்டிருப்பேன். எழும்போதெல்லாம் பிரிண்டர் உறுமும். கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. வாடகை வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். போட்டால் அவர் தட்டவேண்டும். தட்டினால் ஏழு மாதக் குழந்தை விழித்துவிடும். அதனால் கதவைச் சும்மா சாத்திவிட்டு, மடியில் ஸ்க்ரூடிரைவரோடு எழுதுகிறேன். இப்படி உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்குப் புரியும்.

பொறுக்கும் நேரம்

லேப்டாப் தூங்கினால் உள்ளே இருக்கும் வைஃபை கார்டு தன் வேலையையே மறந்துவிடும். எழுந்ததும் ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலை மறுபடி ஊட்டவேண்டும். நான் கான்வென்ட்டில் படித்தவள், காத்திருக்கும் நேரத்தை ஜெபத்தால்தான் அளப்பேன். "மூடியைத் திறந்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லுற நேரம் பொறுங்க அண்ணாச்சி" என்று, வைஃபை வரவில்லை என்று கூப்பிட்ட திருச்செந்தூர் லாட்ஜ்காரரிடம் போனில் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்துக் கேட்டார்: "ஒங்க மந்திரம் எனக்குத் தெரியாதேம்மா. முருகான்னு பத்து தடவை சொன்னா வந்துருமா?"

மிதவை

தருவைகுளத்தில் மீன் கம்பெனி நடத்தும் அக்கா, லேப்டாப் மூடிக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வலை மிதவை ஒன்றைச் செருகி வைத்திருந்தார். யாரும் தெரியாமல்கூட மூடிவிடக்கூடாதாம். மூடித் திறந்தால் வைஃபை போய்விடுகிறது. மெஷின் தூங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது, தொட்டால் சுட்டது.

"அதுக்குத்தானளா தனியா ஒரு ஃபேன் வாங்கிப் போட்டிருக்கேன்" என்றார்.

முன்னாடியே

அந்த லேப்டாப்பைத்தான் வாங்கிப்போக இன்று சாயங்காலம் அக்கா வந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். நான் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிவிட்டேன். இருவரும் ஒருமுறை கத்தி முடித்ததும், கதவின் கதையையும் லேப்டாப்பின் கதையையும் சொன்னேன். ஃபர்ம்வேர் இருக்கும் டிஸ்க் முழிப்பதற்கு முன்பே வைஃபை கார்டு எழுந்து அதைக் கேட்கிறது, கிடைக்காமல் படுத்துவிடுகிறது. இனி லேப்டாப் தூங்கும் முன்பே அதில் ஒரு பிரதியை மெமரியில் எடுத்து வைத்துக்கொள்ளும், எழுந்ததும் தேடவேண்டாம்.

அக்கா குழந்தையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "மெஷினுக்கு முன்னாடியே எடுத்து வைக்கத் தெரியுது. நீ போனை அதிர்வுல போட்டு தலகாணிக்கு அடியில வச்சுட்டு, ஒன் வீட்டுக்காரரைக் கதவைத் தட்டாம போன் அடிக்கச் சொல்ல வேண்டியதுதானளா?"

ஊரார் மெஷின்களையெல்லாம் பயமில்லாமல் தூங்கவைத்துச் சம்பாதிக்கிறவள், இப்போதுதான் எழுந்துபோய் உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.