மச்சாளோடு சாப்பிட்ட சீன நூடுல்ஸ்

கோடையில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு, தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பியின் மனைவி, என் மச்சாள், சீனர் தெருச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். நூடுல்ஸ் கடையைக் காட்டி, "சரியான உறைப்பு, உங்களுக்கு ஏலாது" என்றாள். வீட்டில் மிளகாய்த்தூள் இடிக்கிற எனக்கா ஏலாது? ஆகக் கூடிய உறைப்பிலேயே வாங்கினேன்.

நாலு வாய்தான் சாப்பிட்டேன். உதடு விறைத்தது, பிறகு நாக்கும் விறைத்தது. "ஐயோ, எனக்குப் பாரிசவாதம், கை கால் இழுக்கப்போகுது! மகனுக்குச் சொல்லும்!" என்று அவள் கையைப் பிடித்து அழுதேன். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது சீன மிளகு மச்சாள். விறைக்குமெண்டு எனக்கு முதலே தெரியும்."

அன்றைக்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். அடுத்த நாள் அந்த மிளகையே வாங்கி, இடித்து, ரசம் வைத்து மச்சாளுக்குக் கொடுத்தேன்.

"என்ன மச்சாள் போட்டனீங்கள்? வாய் விறைக்குது!"

"உம்மட தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லட்டோ?" என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். தம்பி சிரித்த சிரிப்பில் என் மனம் ஆறியது.

இப்போது மொன்றியலுக்குப் போனால், எந்தப் புதுச் சாப்பாட்டிலும் முதல் வாய் மச்சாளுக்குத்தான். அவளுக்கு நாக்கு விறைக்காமல் கதை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகே நான் தொடுவேன்.