மாடியில் சண்டை

என் அண்ணன் துளசிங்கம், விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர்க்காரர். குடும்ப நிலம் மனைகளான பிறகு சிமெண்ட் கடை வைத்தார். இப்போது கடையை மூடிவிட்டு வீட்டு வாடகையில் காலம் தள்ளுகிறார். போன வருடம் அண்ணி இறந்ததிலிருந்து தனியாள். நான் டொரன்டோவில் உட்கார்ந்துகொண்டு அவருக்காகக் கவலைப்படுகிறவள்.

தினமும் வாட்ஸப்பில் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருப்பவர், சென்ற மாதம் திடீரென்று நிறுத்திவிட்டார். ஃபோன் செய்தால், "வேலையா கீறேம்மா, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவார். கடையில்லாதவருக்கு என்ன வேலை? கீழ்வீட்டில் குடியிருக்கும் சிட்டிபாபுவைக் கேட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. சாயங்காலமானா மாடில தனியா பேசிக்கினு கீறாரு. சில நாளு சண்ட கூட போடுறாரு."

எங்கள் அப்பாவுக்கு மறதி நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. உடனே டிக்கெட் போட்டேன்.

வந்து இறங்கிய அன்று மாலை படியேறும்போதே குரல் கேட்டது. "அதெப்படி சொல்லுவ நீ? பாத்தியா?" மிச்சப் படிகளை ஓடியே ஏறினேன்.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன். மடியில் தடிமனாக ஒரு நூலகப் புத்தகம்.

"இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?"

"யாரோட சண்ட போடுற?"

"இவன்கூடத்தான்." புத்தகத்தைத் தட்டினார். "ஊருக்கு கரண்ட் வந்ததும் ஜனங்க சீக்கிரம் தூங்குறத வுட்டுட்டாங்களாம். பில்லுக்கு பயந்து எட்டு மணிக்கே லைட்ட அணச்ச நம்ம அப்பாவ பாத்திருக்கானா இவன்?"

மனதுக்குள் படிக்க அண்ணனுக்கு எப்போதுமே வராது. கடையில் பேப்பரைக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் படிப்பார். இதை எப்படி மறந்தேன்?

அந்த மாதம் முழுக்கப் படிப்புதானாம். நகரத்துக் குப்பை எங்கே போகிறது என்று ஒன்று, கைப்பேசி நம் கவனத்தை எப்படித் தின்கிறது என்று ஒன்று, இப்போது மின்சாரம். நடுவில் ஒரு நாவலை எடுத்துப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அவனே கதன்னு சொல்லிட்டான். அதுல இன்னாத்த சண்ட போடுறது?"

"வாட்ஸப் ஏன் நிறுத்துன?"

"அதுல வர்றது பாதி பொய்யின்னு ஒரு புக்குல போட்டிருந்தான். சரி, செக் பண்ணி அனுப்புவோம்னு பாத்தேன். ஒண்ணுகூட தேறல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவருக்காக நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கா? சிட்டிபாபு பேச்ச கேட்டு கடல் தாண்டி வந்தவ நீ. நீ போய் காட்டிட்டு வா."

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. வரியில் விரலை வைத்தபடி சத்தம் ஓயக் காத்திருந்தார். "ஒக்காரு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து உரக்கப் படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே நானும், "அதெப்படி?" என்றேன்.