நடு வாளி

'மகிழ்ச்சியான மாடுகளின் பால்' என்று அச்சடித்த பாக்கெட் இப்போது ஓசூரில் கடைக்குக் கடை கிடைக்கிறது. என் வீட்டுக்குள் அதை விடமாட்டேன். வீட்டுக்காரர் ஒருநாள் தெரியாமல் கொண்டுவந்து என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அந்த மாடுகளோடு வேலை பார்த்தவள் நான்தானே.

கெலமங்கலம் பக்கம் ஒரு பெரிய பண்ணை. மாடுகளின் மனநிலையைப் படிக்கிற ஆராய்ச்சியில் எனக்கு வேலை. "மனுஷன் மனசையே எவனும் கண்டுக்கல, இவ மாட்டு மனசைப் பார்க்கப் போயிட்டா" என்று மத்தூரில் என் அத்தை கிண்டல் பண்ணுவாள். செய்வது இவ்வளவுதான். இடது மூலை வாளியில் தீவனம் இருக்கும், வலது மூலை வாளி காலி. மாடு இதைப் பழகியதும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாளி வைப்போம். மனசு நன்றாக இருக்கிற மாடு, இருந்தாலும் இருக்கும் என்று போய்ப் பார்க்கும். நொந்துபோன மாடு நின்ற இடத்திலேயே நிற்கும்.

நெற்றியில் மட்டும் வெள்ளை உள்ள ஒரு கறுப்பு மாடு. ஈன்ற அன்றைக்கே கன்றைப் பிரித்துவிட்டார்கள், அங்கே எல்லா மாட்டுக்கும் அதுதான் வழக்கம். மற்ற மாடுகள் கத்தி ஓய்ந்தன. இவள் கத்தக்கூட இல்லை. நடு வாளியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எந்தெந்த மாடு சோர்ந்திருக்கிறது என்று பண்ணை மேனேஜர் கேட்டார். கூடவே நடந்து காட்டினேன். காட்டியதற்கெல்லாம் இடுப்பில் நீலப் பெயிண்ட் தீட்டச் சொன்னார். "இதுங்கள தனியா கவனிக்கணும்மா" என்றார். அடேயப்பா, மனுஷன் என்றால் இப்படி இருக்கணும் என்று நினைத்தேன். சந்தையில் விலை பேசி முடித்த மாட்டுக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் பெயிண்ட் அடிப்பார்கள். பண்ணைக்குள்ளே அடித்தபோது அது எனக்கு உறைக்கவே இல்லை.

கறுப்பு மாட்டைக் கன்றுக் கொட்டகை ஓரமாகக் கட்ட வேண்டும் என்று கேட்டேன். "எங்க வேணா கட்டிக்கம்மா, கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார் மேனேஜர். கம்பிக்கு அந்தப் பக்கம் கன்று, இந்தப் பக்கம் இவள். நக்கி நக்கியே கன்றின் காதை ஈரமாக்கிவிடுவாள்.

ஒரு நாள் காலையில் நடு வாளியை வைத்தேன். காதை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். பிறகு நடந்தாள். நேராகப் போய் வாளிக்குள் முகத்தை விட்டாள்! சோதனை விதிப்படி நடு வாளி காலியாகத்தான் இருக்கணும். விதியாவது மண்ணாங்கட்டியாவது, ஓடிப்போய் ஒரு கை தவிட்டை அள்ளிப் போட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜரிடம் ஓடிச் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

மறுநாள் வாசலில் அடிமாட்டு லாரி நின்றது. நீலப் பெயிண்ட் உள்ளதையெல்லாம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் இது?"

"பாக்கெட்டுல சந்தோஷமான மாடுன்னு போடப்போறோம். இதுங்கள வெச்சிக்கிட்டு எப்படிம்மா போடறது? கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க."

"அந்தக் கறுப்பு தேறிடுச்சு சார்! நேத்துதானே சொன்னேன்!"

"பெயிண்ட் அடிச்சாச்சேம்மா. தரகருக்கு வாக்கும் குடுத்தாச்சு."

நாசமாய்ப் போகட்டும் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். வேலை போனால் போகட்டும். ஆனால் கயிறு அவர்கள் கையில்தான் இருந்தது.

மற்ற மாடுகள் பலகையில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தன. வாலை முறுக்கி, அடித்து ஏற்றினார்கள். கறுப்பு மாட்டின் முறை வந்தபோது லாரிக்காரன் மேலே நின்று ஒரு வாளியைத் தூக்கிக் காட்டினான். அவள் காதை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். பிறகு யாரும் தொடாமலே பலகையில் ஏறிப் போனாள்.

"தங்கமான மாடும்மா இது" என்று சொல்லிக்கொண்டே அவன் வாளியைக் கீழே வீசினான். உருண்டு என் காலடிக்கு வந்தது. அதில் ஒன்றும் இல்லை.